மாத்திரை டப்பாவைத் தொடாத வரை: வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் வாட்ஸ்அப் வைத்தியத்தை என்ன செய்வது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று இருப்பது ஓர் ஆச்சி மட்டும். அல்லது ஆச்சியும் ஐயாவும். பிள்ளைகள் சென்னையில், பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ. பகல் முழுதும் பேச்சுத்துணை கைப்பேசிதான். கோயில் குரூப், பங்காளி குரூப், ஊர் குரூப், கூடப் படித்தவர்கள் குரூப் என்று நாலைந்து இருக்கும். காலை வணக்கப் படத்தோடு வைத்தியக் குறிப்பும் வந்து சேரும். அனுப்புகிறவர் முகம் தெரியாத ஆள் இல்லை. சம்பந்தியோ ஒன்றுவிட்ட தங்கச்சியோ. அக்கறையில் அனுப்பியது என்பதால் சந்தேகப்பட மனசு வராது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கும் எழுதியது இது.

எதை விட்டுவிடலாம்

வருவதையெல்லாம் பொய் என்று நிரூபிக்கக் கிளம்பினால் ஒரு வாரத்தில் பேச்சுவார்த்தையே நின்றுவிடும். தொப்புளில் எண்ணெய் விடுவது, காலையில் வெந்நீர் குடிப்பது, வெறுங்காலில் புல்லில் நடப்பது (சர்க்கரைக்காரர்கள் மட்டும் செருப்போடு நடக்கட்டும், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது) போன்றவற்றைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம்.

நம் வார்த்தைக்கு இருக்கும் மதிப்பைச் சேர்த்து வைத்து, மூன்று இடங்களில் மட்டும் செலவழிக்க வேண்டும். செய்தி மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ மாற்றவோ சொல்கிறதா? காசு கேட்கிறதா? ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரத்தில் வீட்டில் ஏதோ செய்யச் சொல்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது பேச்சுக்குப் பேச்சு. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், ஒரு ஃபோன் போட்டுக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்பது வீட்டு வழக்கமாக வேண்டும். பெரியவர் மனசில் பதிய வேண்டிய விதி இது ஒன்றுதான். பத்து விதி சொன்னால் ஒன்றும் நிற்காது.

அடிக்கடி வரும் சரக்கு

நம் பக்கத்தில் முதலில் வருவது கவுனி அரிசி. "கருப்புக் கவுனி சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும்" என்ற செய்தி பொய்யும் மெய்யும் கலந்தது. தவிட்டோடு இருப்பதால் தீட்டிய வெள்ளரிசியைவிட நார்ச்சத்து கூடுதல். கருநிறத்துக்குக் காரணமான நிறமியும் நல்லதுதான். ஆனால் அரிசி அரிசிதான். எந்த அரிசியிலும் சமைக்குமுன் 100 கிராமுக்கு 75 கிராம் அளவில் மாவுச்சத்து இருக்கும். அதோடு, செட்டிநாட்டு வீட்டில் கவுனி அரிசி என்றால் சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்ட இனிப்பு! விசேஷத்துக்குச் செய்யும் பண்டத்தை மருந்தென்று தினம் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று குளுக்கோமீட்டரே சொல்லிவிடும்.

அதைச் சொல்லவைப்பதுதான் நல்ல வழி. வாதாடாமல், "அளந்து பார்ப்போமே அப்பத்தா" என்று தொடங்குங்கள். ஒருநாள் வழக்கமான இட்லி, இன்னொருநாள் சீனி போடாத கவுனிக் கஞ்சி. சாப்பிடுமுன் ஒரு தடவை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்து ஒரு தடவை. மாத்திரை, ஊசி எதையும் அன்றைக்கென்று மாற்றக்கூடாது. கையைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். பழம் உரித்த விரலில் எடுத்தால் அளவு பொய்யாக ஏறும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள். மூடியைத் திறந்து போட்டிருந்தால் ஈரக்காற்று பட்டு ஸ்ட்ரிப் கெட்டிருக்கும். ஒருநாள் கணக்கை நம்பாமல் இரண்டு தடவை திருப்பிச் செய்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தன் கையால் எழுதிய எண்ணை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அடுத்தது இந்துப்பு. "பிரஷர்காரர்கள் இந்துப்புக்கு மாறினால் மாத்திரை வேண்டாம்" என்று வரும். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுப்பது அதில் துளியூண்டு இருக்கும் தாதுக்கள். அயோடின் சேர்த்த உப்பை விட்டு அதற்கு மாறினால் அயோடினும் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், எந்த உப்பானாலும். ஊறுகாய், வத்தல், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். "சோடியம் குறைத்த உப்பு" என்று கடையில் விற்பது வேறு. அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

மூன்றாவது, சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பயத்தைக் கிளப்புவது: "மெட்ஃபார்மின் கிட்னியைத் தின்னும்." வருஷக்கணக்கில் கட்டுக்குள் வராத சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் தளர்ந்திருந்தால் மெட்ஃபார்மினைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். ஊர்வாயில் அது தலைகீழாகிவிட்டது: "மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்க, அப்ப மாத்திரையாலதான் கெட்டிருக்கு." வருஷத்துக்கு ஒருமுறையாவது இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்திருந்தால், அந்தத் தாளைக் காட்டியே பதில் சொல்லிவிடலாம்.

"இயற்கைதானே, என்ன பண்ணும்?" என்ற பேச்சுக்குத்தான் பதில் சொல்வது கடினம். பாகற்காய்ச் சாற்றைக் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு தினமும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, கைநடுக்கம், பேச்சில் தடுமாற்றம் தெரிந்து அளவு 70க்குக் கீழே இருந்தால், நினைவோடு இருப்பவருக்கு 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். கேரளத்தில் கொலஸ்ட்ரால் குறைய என்று இரும்பன்புளிச் சாறு குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சமையலில் நாலு காய் போடும்போது வராத கேடு, வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகச் சாறு பிழிந்து குடித்தபோது வந்தது.

மூட்டுவலிச் சூரணத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. பார்சலில் வந்த பொடியைச் சாப்பிட்ட இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்புவதும், பசி கூடுவதும், சர்க்கரையும் பிரஷரும் காரணமில்லாமல் ஏறுவதும் அதன் அடையாளங்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். முறையான சித்த, ஆயுர்வேத மருந்தின் மேல் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், சேர்மானம், காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். நாட்டு மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவிலேயே பதிவு பெற்ற வைத்தியர் இருக்கிறார். சண்டை சித்த வைத்தியத்தோடு இல்லை, பெயரில்லாத பொட்டலத்தோடு.

நேரத்தைத் தின்னும் செய்திகள்

காசு போனால் போகட்டும். பக்கவாதத்துக்கு விரல் நுனியிலும் காது மடலிலும் ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கச் சொல்லும் செய்தி பல வருஷமாகச் சுற்றுகிறது. அடைப்பால் வரும் பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். விரலைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அரைமணி அந்தக் கணக்கில்தான் கழிகிறது. முகம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது: ஒன்று தெரிந்தாலும் 108. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான். இரவிலும் சிடி ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

மாரடைப்பு வந்தால் பலமாக இருமச் சொல்வதும், பாம்பு கடித்த இடத்தைக் கீறச் சொல்வதும் இதே வகை.

கடன் கேட்டு வந்தவனிடம் கேட்கும் கேள்விகள்

பர்மா, மலேயா, இலங்கை வரை போய் லேவாதேவி செய்த வழியில் வந்த ஊர்கள் இவை. கொடுக்கல் வாங்கலில் ஏமாறாமல் இருக்க இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தச் சாமர்த்தியத்தைக் கைப்பேசிப் பக்கம் திருப்பிவிடுவதே போதும். திண்ணையில் வந்து உட்கார்ந்து கடன் கேட்கிறவனிடம் என்ன கேட்போமோ, அதையே செய்தியிடமும் கேட்கச் சொல்லுங்கள்.

ஆள் யார்? "பிரபல மருத்துவர்" என்றால் முகவரி இல்லாத ஆள். பெயர் இருந்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். ஜாமீன் யார்? "அமெரிக்கப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது" என்றால் எந்தப் பல்கலைக்கழகம், எந்த வருஷம், சோதித்தது மனிதரிடமா, எலியிடமா, கண்ணாடிக் கிண்ணத்திலா? கிண்ணத்தில் இருக்கும் புற்றணுவைக் கடும் உப்புத் தண்ணீரும் கொல்லும். ஏன் இவ்வளவு அவசரம்? "உடனே பத்து பேருக்கு அனுப்பு", "அழிப்பதற்குள் பார்" என்பதெல்லாம் யோசிக்க விடாமல் கையெழுத்து வாங்குகிற வேலை. கடைசியாக, ஆதாயம் யாருக்கு? கீழே ஃபோன் எண்ணோ லிங்கோ இருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

சட்டமும் இங்கே துணைக்கு வரும். மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954இல் வந்தது. நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம், கண்புரை, பக்கவாதம் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே அது தடுக்கிறது. ஆக "சர்க்கரையை 30 நாளில் வேரறுப்போம்" என்ற விளம்பரம் முதல் வரியிலேயே சட்டத்தை மீறியாயிற்று. டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண்ணைக் காட்டி "அரசு அங்கீகாரம்" என்பார்கள். அது உணவாக விற்க வாங்கிய உரிமம்; நோயைத் தீர்க்கும் என்பதற்கான சான்று ஆகாது. சத்துப்பொடி வகை என்றால் அதே டப்பாவில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று எழுதியிருக்க வேண்டும் என்பது விதி; பெரும்பாலும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்து ஐயாவையே தேடச் சொல்லுங்கள்.

பெயர்பெற்ற டாக்டர்களின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் போலி செய்து மருந்து விற்கும் வீடியோக்கள் இப்போது நிறைய. உதடு பேச்சோடு ஒட்டாமல் அசைகிறதா, பேச்சில் மூச்சு வாங்கும் இடமே இல்லையா என்று பார்க்கலாம். ஆனால் போலிகள் மாதத்துக்கு மாதம் மெருகேறுவதால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். பதிவு பெற்ற மருத்துவர் விளம்பரத்தில் ஒரு மருந்தைப் பரிந்துரைக்க 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் இடம் கொடுப்பதில்லை. டாக்டர் ஒருவர் வீடியோவில் பொடி விற்கிறார் என்றால், ஒன்று அவர் போலி, அல்லது நெறி மீறியவர்.

கைப்பேசியில் செய்ய வேண்டியவை

அரைமணி வேலை. பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். அவர் தூங்கும்போது ஃபோனை எடுத்து நோண்டினால் அடுத்த தடவை கைக்கே வராது.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'பிரைவசி', அதற்குள் 'குரூப்ஸ்'. 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றினால் தெரியாதவர்கள் குரூப்பில் இழுத்துப் போட முடியாது. 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வில் மீடியா தானாக இறங்குவதில் வீடியோவை எடுத்துவிடுங்கள். தேடித் தொட்டால்தான் இறங்கும், ஃபோனும் நிறையாது. செய்தியின் மேல் இரட்டை அம்பு இருந்தால் அது குறைந்தது 5 கை மாறி வந்தது என்று சொல்லிக்கொடுங்கள். அம்பு இல்லாவிட்டால் நம்பலாம் என்று நினைத்துவிடக்கூடாது. நகலெடுத்து ஒட்டி அனுப்பினால் அந்த அடையாளம் வராது.

யூடியூப்தான் பெரிய தலைவலி. சர்க்கரை வைத்தியம் ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரி வரிசையாக வந்துகொண்டே இருக்கும். வீடியோவின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு 'டோன்ட் ரெகமெண்ட் சேனல்' கொடுங்கள். பார்த்த வரலாற்றில் போய் வைத்திய வீடியோக்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். பிறகு அவருக்குப் பிடித்த தேவாரமோ கச்சேரியோ பழைய பாட்டோ நாலைந்தைத் தேடி ஓடவிட்டால் சில நாளில் பரிந்துரை மாறத் தொடங்கும்.

தேடும் விதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. "வெண்டைக்காய் தண்ணீர் நன்மைகள்" என்று தேடினால் நன்மை மட்டுமே கொட்டும். அதே சொல்லோடு "உண்மையா", "பக்க விளைவு", "வதந்தி" சேர்த்துத் தேட வேண்டும். டைப் செய்ய வராதவர்கள் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசலாம். படமாக வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் அதே படம் வேறு ஊரில் வேறு கதையோடு வந்தது தெரியலாம். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம், மத்திய அரசின் பிஐபி ஃபேக்ட் செக், தமிழில் யூடர்ன் ஆகியவை வதந்திகளைச் சரிபார்த்து வெளியிடுகின்றன. அதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் 104. தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனை எண். எந்நேரமும் தமிழில் கேட்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமும் செய்தியைக் காட்டலாம்.

எப்படிப் பேசுவது

குரூப்பில் எல்லோர் முன்னாலும் "இது பொய்" என்று போடவே கூடாது. சின்னவன் திருத்தியதாக ஆகிவிடும். அப்புறம் அந்தச் செய்தியை விட்டுக்கொடுக்கவே மாட்டார். தனியாகப் பேசுங்கள். மருமகளும் மாப்பிள்ளையும் இந்த வேலையில் இறங்காமல் இருப்பது நல்லது. பேத்தி சொன்னால் எடுபடுவது அவர்கள் சொன்னால் எடுபடாது. நேரமும் முக்கியம். சிங்கப்பூரிலிருந்து பேரப்பிள்ளைகள் தூங்கப்போகுமுன் அவசரமாகப் பேசும் வீடியோ கால் இதற்குச் சரிப்படாது. மதியத் தூக்கம் முடிந்து காப்பி குடிக்கும் வேளை நல்லது.

"அப்பத்தா, இத யாரு அனுப்புனா? அவுகளுக்குச் சரியாப்போச்சாமா?" என்று தொடங்கினால் கதை வரும். கதையில்தான் பயம் எங்கே என்று தெரியும். மாத்திரை அதிகமாகிவிட்டதோ, காலை வெட்டிவிடுவார்களோ, பிள்ளைகளுக்குச் செலவு வைக்கிறோமோ. "நல்லாத்தான் பாத்து வச்சிருக்கீக. டாக்டர்ட்ட காட்டிட்டுச் செய்வமா?" என்றால் மரியாதையும் கெடாது, மாத்திரையும் நிற்காது. திருத்தும்போது உண்மையை முதலில் சொல்லுங்கள். பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதுதான் நினைவில் தங்கும். குரூப்பிலும் மறுப்பாக இல்லாமல், "பக்கவாதம் வந்தா உடனே 108" என்று அரை நிமிஷக் குரல் பதிவாகப் போடலாம். கண்புரை உள்ளவர்களுக்குப் பத்து வரி எழுத்து எதற்கு?

வருமுன் காக்க ஒரு விளையாட்டு. பேரப்பிள்ளைகளும் பெரியவரும் சேர்ந்து ஒரு பொய் வைத்தியம் எழுதிப் பார்ப்பது. தெருவில் கிடக்கும் ஏதாவது இலை, ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், "மருத்துவ உலகம் மறைக்கும் இரகசியம்", நாலு சிவப்பு ஆச்சரியக்குறி. கையால் செய்து பார்த்தவருக்கு அடுத்த தடவை சூத்திரம் கண்ணில் படும். எழுதிய தாளை அங்கேயே கிழித்துவிடுங்கள், யாராவது படமெடுத்து அனுப்பித் தொலைப்பார்கள்! ஒரு தடவையோடு விடாமல் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்தால்தான் பலன் நிற்கும்.

ஏற்கெனவே நடந்துவிட்டால்

மாத்திரையை நிறுத்தியது தெரிந்தால் கோபப்படாதீர்கள். அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். எத்தனை நாளாயிற்று என்று கேட்டு அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரட்டையாகப் போடக்கூடாது. சில பிரஷர் மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் அழுத்தம் முன்பைவிட ஏறும். இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை விட்டால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்பிவிட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930. அதோடு வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு. பார்சல் வந்த பிறகு காசு கொடுத்து வாங்கும் முறை என்றால் பிரிக்காமல் திருப்பி அனுப்பலாம். ஒருமுறை வாங்கியவருக்கு "டாக்டர் பேசுகிறேன், அடுத்த கோர்ஸ்" என்று ஃபோன் வந்துகொண்டே இருக்கும். அந்த எண்களைத் தடை செய்யுங்கள். முதியோர் உதவி எண் 14567.

கடைசி வேலை, ஒரு தாள். ஃபோன் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே, கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவு பெரிய எழுத்தில்: சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் வேளையும், குடும்ப டாக்டர் எண், 104, 108, இரவில் ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரி, எந்த நேரமும் எடுக்கக்கூடிய ஒரு பிள்ளையின் எண். மூன்று பிள்ளைகள் எண்ணையும் எழுதினால் யாரைக் கூப்பிடுவது என்ற யோசனையிலேயே நேரம் போகும், ஒன்று போதும். லேமினேட் செய்ய வேண்டாம். மாத்திரை மாறும்போதெல்லாம் அடித்து எழுத வேண்டியிருக்கும்.